கேளம்பாக்கம் பக்கத்துக் குடியிருப்பில் வாடகை ஸ்டோர் ரூம்: எடுக்கலாமா?

இரண்டு பெட்ரூம் வீட்டுப் பரண், கொலுப் பொம்மைப் பெட்டிகளுக்கும் இரண்டு பெரிய சூட்கேஸுக்குமே நிறைந்துவிடும். மடக்குக் கட்டில், பிள்ளைகள் ஓட்டி முடித்த சைக்கிள், ஊரிலிருந்து வந்த பித்தளை அண்டா எல்லாம் படிக்கட்டுக்கு அடியிலும் லிஃப்ட் வாசலிலும் சேர ஆரம்பிக்கும். தீப்பிடித்தால் ஆட்கள் இறங்கி ஓட வேண்டிய வழி அது. இதற்காகவே இந்தக் குடியிருப்பின் சங்கம் பூங்காவுக்குப் பின்னால் 36 தகர ஷெட் போட்டு வாடகைக்கு விடுகிறது. 6 அடிக்கு 4 அடி என்றால் மாதம் 600 ரூபாய். 8 அடிக்கு 6 அடி 1,100. மூன்று மாத முன்பணம், 11 மாத ஒப்பந்தம்.

இடத்தேர்வுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பல குடியிருப்புகளில் கார் நிறுத்தும் தளத்தையே கம்பிவலை போட்டு அடைத்து ஸ்டோர் ரூம் ஆக்கிவிடுகிறார்கள். ஸ்டில்ட் பார்க்கிங், அதாவது கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் தளம், பொதுப்பகுதி; பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்று மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. இங்கே அந்தச் சிக்கல் இல்லை. தீயணைப்பு வண்டி சுற்றி வரும் பாதையையும் ஷெட்டுகள் மறிக்கவில்லை. தரையைச் சாலை மட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்திக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் இதைவிடக் குறைத்துப் போடவே கூடாது. அப்படியும் சாமானை நேரே தரையில் வைக்க வேண்டாம். நாலு அங்குல உயரத்துக்கு மரப் பேலட்டோ ஹாலோ பிளாக்கோ போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கரையான் மேலே ஏறினால் மண் கோடு கண்ணில் படும். ஒட்டி வைத்த அலமாரியில் அது முதுகுப் பலகையைத் தின்ற பிறகுதான் தெரியும்.

கூரைதான் குறை. புது ஷெட்டைச் சாவி வாங்கும் முன்பே சோதித்துவிடுங்கள். உச்சி வெயிலில் உள்ளே நின்று கதவைச் சாத்திவிட்டு மேலே பாருங்கள். ஸ்க்ரூ தலையைச் சுற்றி ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் மழைக்கு அங்கே சொட்டும். ஷீட்டில் மேடும் பள்ளமுமாக வரி ஓடுகிறதே, கூரைக்கு ஸ்க்ரூவை மேட்டில் அடிக்க வேண்டும். இங்கே சில ஷெட்டுகளில் பள்ளத்தில் அடித்திருக்கிறார்கள். தண்ணீர் ஓடுகிற வழியே அதுதான். ஸ்க்ரூவுக்கு அடியில் உள்ள கறுப்பு ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். வாஷர் லேசாகப் பிதுங்கும்போதே முறுக்குவதை நிறுத்திவிட வேண்டும்.

பராமரிப்புக்காரர் செய்வது மேலே சிலிகான் பூசுவது. ஒரு கோடை தாண்டினால் அது தோலாக உரிந்து வந்துவிடும். பழைய ஸ்க்ரூவைக் கழற்றி, ஒரு சைஸ் தடிமனான ஸ்க்ரூவைப் புது வாஷரோடு போடச் சொல்லிக் கேளுங்கள். அரை மணி நேர வேலை.

மார்கழி விடியலில் உள்ளே சொட்டுகிறது என்று வரும் புகார் பெரும்பாலும் ஒழுகல் அல்ல, தகரம் வியர்ப்பது. ஒழுகினால் ஒரே இடத்தில் கறை கோடாக இறங்கும். வியர்த்தால் கூரை முழுக்க முத்து முத்தாக நிற்கும். காற்று கீழே நுழைந்து மேலே வெளியேறினால் இது குறையும். இந்த ஷெட்டுகளில் கதவுக்கு மேலே மட்டும் ஒரு லூவர் (சாய்வுத் தகடுகள் வைத்த காற்றுத் திறப்பு) இருக்கிறது, கீழே வழியே இல்லை. சங்கம் பின்சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் எலிவலை போட்ட திறப்பு ஒன்று வைத்தாலே போதும். அதுவரை இலவம்பஞ்சு மெத்தை, ஆல்பம், பத்திரம், பட்டுப்புடவை எதையும் இங்கே வைக்காதீர்கள். காகிதக்கூழ் பொம்மைகளை பாலிதீனில் இறுக்கிக் கட்டினால் வெயில் காலத்தில் பெயின்ட் கவரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பழைய வேட்டித் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்தால் நிறம் போகாது.

ஷட்டருக்கு அடியில் அரை அங்குல இடைவெளி இருந்தால் எலிக்குப் போதும். பல ஷெட்டுகளில் மூலையில் அதைவிட அதிகமாகவே இருக்கிறது. தடித்த ரப்பர் பட்டை வாங்கி உள்பக்கம் அடித்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, வளர்ப்பு நாய்த் தீனி வைத்தால் எந்தப் பட்டையும் நிற்காது.

நிர்வாகம் பாராட்டும்படி இருக்கிறது. பூட்டு நம்முடையது. மாற்றுச்சாவி உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்து வாங்கி ஆபீஸ் பீரோவில் வைக்கிறார்கள். இரண்டு மாத வாடகை பாக்கி என்றால் நோட்டீஸ். மூன்றாவது மாதம் கமிட்டியில் இருவர் முன்னிலையில் திறந்து, வீடியோ எடுத்து, சாமான் பட்டியல் எழுதிப் பூட்டி சீல் வைப்பார்கள். இது ஒப்பந்தத்திலேயே இருப்பதால் பின்னால் சண்டை வராது. ஒப்பந்தமும் குத்தகை என்று இல்லாமல், 1882 வசதியுரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்லும் உரிமமாக, அதாவது இடத்தில் பாத்தியதை எதுவும் தராமல் பயன்படுத்த மட்டும் தரும் அனுமதியாக, எழுதப்பட்டிருக்கிறது. வாடகைக்குக் குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஷெட்டை மட்டும் வைத்துக்கொள்வதுதான் எல்லாச் சங்கங்களையும் வாட்டும் தொல்லை. ஷெட் காலி என்று ஆபீஸில் கையெழுத்தான பிறகே லாரிக்கு கேட் பாஸ் என்று வைத்து இங்கே அதை அடைத்துவிட்டார்கள். மற்ற குடியிருப்புகள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தடைப் பட்டியலில் சிலிண்டர், பெட்ரோல், தின்னர், தீபாவளிக்கு மிஞ்சிய பட்டாசு எல்லாம் இருக்கின்றன. இ-ஸ்கூட்டர் பேட்டரி, பழைய இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டும் விட்டுப்போயிருக்கின்றன. மே மாதத் தகரச் சூட்டில் இவற்றைப் பூட்டி வைப்பது பக்கத்து ஷெட்டுக்கும் ஆபத்து. அவசியம் சேர்க்க வேண்டும். உள்ளே பிளக் பாயின்ட் தராதது சரியான முடிவு. சங்கத்தின் இன்ஷூரன்ஸ் ஷெட்டுக்கு மட்டும்தான், உள்ளே இருக்கும் சாமானுக்கு இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

அண்டா, குத்துவிளக்கு, கொலுப்படி, மடக்கு நாற்காலி, சைக்கிள், மண் பொம்மை வைக்க 6-க்கு 4 தாராளம், 600 ரூபாய் நியாயமான வாடகைதான். நவராத்திரிக்கு முந்திய வாரம் தள்ளுவண்டி கிடைக்காது, பத்து நாள் முன்பே படியை எடுத்துவிடுங்கள். ஷெட் தேர்ந்தெடுக்கும்போது 9 முதல் 14 வரை உள்ளதைத் தவிருங்கள். வேப்பமரத்தடியில் இருப்பதால் இலை விழுந்து கூரைத் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்கிறது, மழை பலத்தால் தண்ணீர் பின்சுவர் வழியே உள்ளே இறங்குகிறது. 20-க்கு மேல் எது காலியாக இருந்தாலும் எடுக்கலாம்.