கான்ஹேரி குகைகள்: மூன்றாம் எண்ணோடு திரும்பிவிட வேண்டாம்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் மும்பைத் தமிழர்கள் அழைத்துப் போகும் இடங்கள் மாறுவதே இல்லை. கேட்வே, எலிஃபெண்டா, சித்தி விநாயகர், மகாலட்சுமி, ஜூஹு கடற்கரை. போரிவலிக் காட்டுக்குள் 109 குகைகளுடன் ஒரு பௌத்த மடாலயம் இருப்பது தாராவியிலும் மாட்டுங்காவிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கே பெயரளவில்தான் தெரியும். போய்ப் பார்த்தவர்களிலும் பாதிப்பேர் மூன்றாம் குகையில் நிற்கும் பெரிய புத்தர் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, குரங்குகளுக்குப் பயந்து அரைமணி நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். கான்ஹேரி அப்படிப் பார்க்கிற இடமில்லை. இது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள், கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி கி.பி. 11ஆம் நூற்றாண்டுவரை, துறவிகள் குடியிருந்த மலை. சிற்பத்துக்காகப் போகிறவருக்கு எலிஃபெண்டாவே போதும். பாறைக்குள் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்க விரும்புகிறவர் இங்கேதான் வர வேண்டும்.

முதலில் போகிற வழி. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் பிரதான வாசல் போரிவலி கிழக்கில், மேற்கு விரைவு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. மேற்கு ரயில்பாதையில் போரிவலிக்கு ஃபாஸ்ட் லோக்கல் உண்டு. சயான், மாட்டுங்கா பக்கமிருந்து வருகிறவர்கள் தாதரில் மாறிக்கொள்ளலாம். ஸ்டேஷனின் கிழக்குப் பக்கம் இறங்கினால் வாசலுக்கு நடந்தே போகலாம், ஆட்டோவும் கிடைக்கும். செம்பூர், காட்கோபர்வாசிகளுக்கு இப்போது மெட்ரோவே சௌகரியம். காட்கோபரில் ஏறி, வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே நிலையத்தில் இறங்கி, பக்கத்தில் இணைந்திருக்கும் குந்தவலி நிலையத்தில் 7ஆம் தடத்துக்கு மாற வேண்டும். இறங்கும் நிலையத்தின் பெயர் ராஷ்ட்ரீய உத்யான். ரயிலும் கூட்டமும் இல்லாமல் பூங்கா அருகிலேயே இறங்கிவிடலாம்.

வாசலை அடைந்ததும் குகைக்கே வந்துவிட்டதாக நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். அங்கிருந்து குகைகளுக்கு இன்னும் ஆறேழு கிலோமீட்டர் காட்டுச்சாலை இருக்கிறது. பூங்கா வண்டியில் போகலாம், வாடகை சைக்கிளில் போகலாம், நடக்கவும் செய்யலாம். சைக்கிளை எடுப்பதற்கு முன் பிரேக்கைச் சோதித்துவிடுங்கள். கடைசிப் பகுதி நல்ல ஏற்றம். போகும்போது மூச்சு வாங்குவதோடு சரி, திரும்பும்போது அந்த இறக்கத்தில் பிரேக்கை நம்பித்தான் உயிர். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கான வரிசை நீண்டுவிடும். ஆகவே வேலைநாளில் காலையிலேயே போவது உத்தமம். திங்கட்கிழமை விடுமுறை, அதை மறந்து வாசல்வரை வந்து திரும்புகிறவர்கள் வாராவாரம் உண்டு. வண்டியில் இறங்கும்போதே கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுத்தைகள் உலவும் காடு இது, பொழுது சாய்ந்தபின் நடந்து வருவது வீரமில்லை.

சீட்டு இரண்டு இடத்தில் வாங்க வேண்டும். பூங்கா வாசலில் வனத்துறைக்கு ஒன்று, குகை வாசலில் இந்தியத் தொல்லியல் துறைக்கு ஒன்று. குகைக்கு இந்தியர்களிடம் 25 ரூபாய் வாங்குகிறார்கள். இணையத்தில் எடுத்தால் 20. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. மேலே கைபேசிச் சமிக்ஞை தடுமாறும், குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் கட்ட முயன்று பத்து நிமிடம் நிற்பதைவிட இணையச் சீட்டை வீட்டிலேயே எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் சில்லறையாவது கையில் இருக்கட்டும்.

இனி குகைகள். வாசலைத் தாண்டியதும் முதலாம் எண். இதை யாரும் நின்று பார்ப்பதில்லை, ஆனால் ஒரு குகையை எப்படிக் குடைந்தார்கள் என்பதைக் காட்டுவது இந்த முடிவுபெறாத குகைதான். முகப்பில் இரண்டு பருத்த தூண்கள் நிற்கின்றன, உள்ளே வேலை பாதியில் விட்டிருக்கிறது. குடைவரையில் சாரம் கட்டும் வேலை குறைவு. மேலிருந்து தொடங்கி, விதானத்தை முதலில் முடித்துக்கொண்டே கீழே இறங்குவார்கள். தூணுக்கான பாறையை விட்டுவைத்துச் சுற்றிலும் வெட்டுவார்கள். ஓரிடத்தில் உளி தவறினால் ஒட்டவைக்க வழியில்லை. மாமல்லபுரத்தின் கருங்கல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்குள்ள கல் வேறாகத் தெரியும். இது தக்காணத்து எரிமலைக் கல், கருமையும் பழுப்புமாக, இடையிடையே துளைகளுடன் இருக்கும். மல்லைச் சிற்பத்தின் கூர்மையை இதில் எதிர்பார்க்கக் கூடாது. மழை பட்ட முகங்கள் நிறையவே கரைந்திருக்கின்றன.

மூன்றாம் எண்தான் பெரிய சைத்தியம், அதாவது வழிபாட்டு மண்டபம். சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் காலத்தில், கி.பி. 2ஆம் நூற்றாண்டில், வணிகச் சகோதரர்கள் எடுப்பித்ததாக வாசலிலுள்ள கல்வெட்டு சொல்கிறது. ஏறத்தாழ 26 மீட்டர் நீளம், 34 தூண்கள், கோடியில் ஸ்தூபி, அதாவது பௌத்தர்கள் வணங்கும் அரைக்கோள வடிவக் கல்மேடு. உள்ளே ஓடிப்போய்விடாமல் முன்முற்றத்திலேயே கொஞ்சம் நில்லுங்கள். முகப்புச் சுவரில் கைகோத்து நிற்கும் ஆண், பெண் இணைகள் நன்கொடையாளர்கள் என்று கருதப்படுகின்றன. தாழ்வாரத்தின் இரு கோடியிலும் எதிரெதிராக நிற்கும் ஏழு மீட்டர் உயரப் புத்தர்கள் அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவர்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு காலங்கள் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், புத்தரை உருவமாகக் காட்டத் தயங்கிய காலத்தின் ஸ்தூபியும் உருவத்தைப் பெரிதாக நிறுத்திய காலத்தின் சிலையும் சில அடி தூரத்திலேயே கிடைக்கும். உள்ளே தூண்களை இரண்டு வரிசையிலும் ஒப்பிடுங்கள். சிலவற்றின் தலைப்பில் யானையும் குதிரையும், ஸ்தூபியை வணங்குவோரும் இருக்க, மற்றவை வெறும் எட்டுப்பட்டையாக நிற்கின்றன. விதானத்தைப் பார்த்தால் வரிசையாகக் குழிகள் தெரியும். அங்கே மரவிட்டங்கள் வளைந்து நின்றன. லோனாவ்லா பக்கத்துக் கார்லா குகையில் அந்த மரம் இன்றும் இருக்கிறது, இங்கே குழி மட்டும்தான்.

இந்த முற்றத்துக்கு வெளியே இருந்த ஸ்தூபிகளை 1839இல் ஜேம்ஸ் பேர்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் தோண்டினார். அதில் கிடைத்த செப்பேடு, இப்பகுதியை அப்போது ஆண்ட திரைகூடகர் என்ற அரச மரபின் ஆண்டு 245ஐ, அதாவது கி.பி. 5ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. இன்று அந்த இடத்தில் ஒரு பலகை வைத்தாலே எத்தனையோ பேர் நின்று படிப்பார்கள். பலகை விஷயத்தில் கான்ஹேரி ரொம்பவே கஞ்சம். குகை எண் எழுதியிருப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பழைய ஆய்வு நூல்களை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் ஆளுக்கொரு விதமாக எண் போட்டார்கள். தர்பார் குகை பழைய நூலில் 10 என்றிருக்கும், பாறையில் 11 என்றிருக்கும். பாறையிலுள்ள எண்ணையே நம்புங்கள்.

மூன்றிலிருந்து மேலே ஏறும் வழியில் ஐந்தாம் எண் வரும். குகை என்று தேடினால் கிடைக்காது, அது ஒரு நீர்த்தொட்டி. மேலே சிதைந்த ஒரு கல்வெட்டு. வாசிஷ்டீபுத்திர சாதகர்ணியின் அரசி, மகாக்ஷத்ரபர் (மேற்கிந்தியாவை ஆண்ட சக மன்னர்களின் பட்டம்) ஒருவரின் மகள் என்று அதில் வருகிறது. அந்த மகாக்ஷத்ரபர் ருத்ரதாமன் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். பகைநாடுகளான சாதவாகனருக்கும் சகருக்கும் இடையே மணவுறவு இருந்ததற்கு இந்தத் தொட்டிதான் முக்கியச் சான்று. அதன் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டு, என்னவென்றே தெரியாமல் போகிறவர்கள்தான் அதிகம்.

தண்ணீர்தான் கான்ஹேரியின் உண்மையான கலை என்று சொல்லத் தோன்றுகிறது. இந்த மலையில் நான்கு மாதத்தில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும், மீதி எட்டு மாதம் வறண்டு கிடக்கும். அதைச் சமாளிக்க என்ன செய்தார்கள் என்பதை எந்தச் சிறிய குகையின் முன்னாலும் நின்று பார்க்கலாம். முகப்புக்கு மேலே பாறையில் ஒரு கீறல்போல வாய்க்கால் ஓடும், மலையிலிருந்து வழியும் நீர் வாசலில் விழாமல் பக்கவாட்டில் திரும்பும். அங்கிருந்து குகையின் ஓரத்தில் வெட்டிய தொட்டிக்குள் இறங்கும். தொட்டியின் வாய் சிறியது, வயிறு பாறைக்கு உள்ளே விரிந்தது. வெயில் படாததால் ஆவியாவது குறைவு, பாசியும் குறைவு. ஏறக்குறைய ஒவ்வொரு குகைக்கும் இப்படி ஒன்று உண்டு. சில தொட்டிகளில் இன்றும் தண்ணீர் நிற்கிறது, குடிக்க ஏற்றதல்ல. குழந்தைகளின் கையை இங்கே விடக் கூடாது, வாய் சிறிதாக இருப்பதால் ஆழம் தெரியாது.

குடியிருப்புக் குகையின் அமைப்பும் அநேகமாக ஒரே மாதிரிதான். சில படிகள், திறந்த முற்றம், ஓரத்தில் தொட்டி, தூண் வைத்த திண்ணை, வாசலும் ஜன்னலும், உள்ளே சிறு கூடம், அதில் கல்மேடை, பக்கத்தில் ஓர் அறை. நம்மூர்த் திண்ணைவீட்டை மலைக்குள் தள்ளிவைத்தால் எப்படியோ அப்படி. முகப்புத் தரையிலும் பாறையிலும் உள்ள குழிகள் மழைக்காலத்தில் மரப்பந்தல் போடுவதற்கானவை என்று கொள்ளலாம். மதுரைப் பக்கத்து மாங்குளத்திலும் கீழவளவிலும் சமணர் படுக்கைகளைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே விளங்கும். அங்கே இயற்கைக் குகைத்தளத்தில் படுக்கையை மட்டும் செதுக்கி, மேலே மழைநீர் வடிய விளிம்பு வெட்டினார்கள். இங்கே வீட்டையே வெட்டினார்கள், அதற்கான செல்வம் சோபாரா, கல்யாண் போன்ற துறைமுக, வணிக ஊர்களிலிருந்து வந்தது. இங்குள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலானவை பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் உள்ள நன்கொடைச் செய்திகள். கொடுத்த மூலதனத்தைத் தொடாமல், அதன் வட்டியில் துறவிக்கு ஆடையும் செருப்புக்கான காசும் கொடுக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பிராமி கொஞ்சம் படிக்கத் தெரிந்தவர்கள் சில எழுத்துகளை இங்கேயும் இனம் காணலாம்.

பதினோராம் எண், தர்பார் குகை. அகலமான கூடம், நடுவில் நீளமாக இரண்டு தாழ்ந்த கல்மேடைகள். உணவுக்கோ ஓதுவதற்கோ வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லோராவின் ஐந்தாம் குகையிலும் இதே அமைப்பு உண்டு. ராஷ்டிரகூட அமோகவர்ஷன் காலத்துக் கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டிலும் இங்கே நன்கொடை வந்துகொண்டிருந்ததைச் சொல்கிறது.

அதற்கு மேல் நேரமும் முழங்காலும் அனுமதிப்பதைப் பொறுத்தது. 34இல் விதானத்தில் முடிவுபெறாத புத்தர் ஓவியம் இருக்கிறது, மங்கலாக. சிறிய டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் கோடு தெரியும். கைபேசி ஃபிளாஷை நேராக அடித்தால் பாறைதான் தெரியும், ஓவியத்துக்கும் கெடுதல். 41இல் பதினொரு தலை அவலோகிதேஸ்வரர், கருணையின் வடிவமாக வணங்கப்படும் போதிசத்துவர். இந்தியாவில் கல்லில் இத்தகைய உருவத்தைக் காண்பது மிக அரிது. இதற்காக மட்டுமே கான்ஹேரி வரலாம். 67இல் சுவரெங்கும் புத்தர்கள். 90இல் பஹ்லவி என்ற பழைய பாரசீக மொழிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1009லும் 1021லும் இங்கே வந்த பார்சிகள் தங்கள் பெயர்களைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சுவரில் பெயர் கிறுக்கும் பழக்கத்துக்கு இது முன்னுதாரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்! இந்த எண்கள் வரிசையாக வரும் என்று நம்பி ஏறாதீர்கள். படிப்பாதைகள் பிரிகின்றன, அடுத்த எண் ஓடைக்கு அக்கரையில் இருக்கலாம். கீழேயுள்ள காவலரிடம் 41க்கும் 90க்கும் வழி கேட்டுக்கொண்டு ஏறினால் ஒரு மணி நேரம் மிச்சம்.

மொத்தத்துக்கு மூன்று மணி நேரம் குறைந்தபட்சம். 90வரை பார்க்க வேண்டுமானால் நான்கு. பருவத்தில் அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரிவரை சிறந்தது. ஜூலை, ஆகஸ்டில் ஓடை பாய்ந்து மலை அழகாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் வெட்டிய படியில் பாசி பிடித்து வழுக்கும், விழுந்தால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள காலணி அவசியம். மே மாதத்தில் பத்தரை மணிக்கே பாறை சுடும்.

குரங்குகளுக்குக் கையில் தெரியும் எதுவும் சாப்பாடுதான். பிளாஸ்டிக் பை சரசரத்தாலே வந்துவிடும். தயிர்சாதமும் புளிசாதமும் கட்டிக்கொண்டு போகிற குடும்பங்கள் அதை ஜிப் வைத்த முதுகுப்பையில் வைத்து, குகை வளாகத்துக்கு வெளியே வந்து சாப்பிடுவது நல்லது. வழியில் பெண்கள் விற்கும் வெள்ளரியும் கொய்யாவும் நன்றாக இருக்கும், வாங்கின இடத்திலேயே முடித்துவிடுங்கள். 2022 புத்த பூர்ணிமாவன்று திறந்த புதிய வசதிகளால் கழிப்பறை நிலைமை முன்பைவிடப் பரவாயில்லை, ஆனால் அது கீழேதான். ஏறிவிட்டால் ஒன்றும் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கணக்கு.

முதியவர்கள் மூன்றாம் குகைவரை மெதுவாகப் போய்வரலாம். சக்கர நாற்காலிக்கு மேலே வழியில்லை. அவர்களுக்கும், அரைநாள்தான் கையில் உள்ளவர்களுக்கும் அந்தேரி கிழக்கிலுள்ள மகாகாளி குகைகள் பொருத்தம். அங்கே 19 குகைகள், ஊருக்கு நடுவில், காட்டுச்சாலை கிடையாது. அங்குள்ள ஒன்பதாம் குகையில் ஸ்தூபியை வட்டமான தனி அறைக்குள் வைத்திருக்கிறார்கள். கான்ஹேரியின் பெரிய சைத்தியத்தில் இல்லாத அமைப்பு அது.