டொமைன் அக்காவுடையது, பதிவேட்டில் பெயர் கடைக்காரருடையது

நாட்டுக் குறியோடு முடியும் டொமைன் (இணைய முகவரி) ஒன்றை மலிவாக வாங்கப்போய், நான்கு வருடம் பழக்கப்படுத்திய முகவரியை என் அக்கா இழந்துவிட்டாள். வாங்கிக் கொடுத்தவன் நான். அதனால் எழுத வேண்டியவனும் நான்தான்.

எந்த நாட்டு டொமைன் என்று சொல்லப்போவதில்லை. அந்த முகவரியை வெளியாட்களுக்கு விற்கும் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாட்டைச் சொன்னால் கடையையும் சொன்ன மாதிரிதான்.

அக்கா மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சில சமயம் நீதிமன்றத் தாள்கள். வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஒரே நாட்டில் இருக்கிறார்கள். "அவங்க ஊர் முகவரி மாதிரி இருந்தா நம்பி மெயில் போடுவாங்கடா, பார்த்து வாங்கிக் குடு" என்றாள். நியாயமான ஆசை. ஒரு ராத்திரி உட்கார்ந்து பத்துக் கடைகளைத் திறந்து வைத்து, முதல் வருட விலையை மட்டும் ஒப்பிட்டு, எது குறைவோ அதை வாங்கினேன். வேலை முடிந்தது என்று தூங்கப் போனேன்.

அந்த நாட்டு விதிப்படி டொமைன் வாங்குபவருக்கு அங்கே ஒரு முகவரி இருக்க வேண்டும். இது விசித்திரமான விதி இல்லை. டாட் சிஏ வேண்டுமென்றால் கனடாவோடு தொடர்பு இருக்க வேண்டும், டாட் இயூ வேண்டுமென்றால் ஐரோப்பிய ஒன்றியத்தோடு. டாட் ஐஓ, டாட் எம்இ, டாட் டிவி போல யார் கேட்டாலும் கொடுக்கும் நாடுகளும் உண்டு. எங்கள் டொமைன் முதல் ரகம். கடையின் பணம் கட்டும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது: 'உள்ளூர்ப் பிரதிநிதி சேவை, முதல் வருடம் இலவசம்.' ஆஹா என்று டிக் போட்டேன். பிறகு நடந்த அத்தனைக்கும் காரணம் அந்த டிக்தான்.

இரண்டாம் வருடப் பில் வந்தபோது முதல் அடி. வாங்கிய விலை பூனை, புதுப்பிக்கும் விலை யானை. முதல் வருடத்தைப்போல ஆறு மடங்கு, அதற்கு மேல் பிரதிநிதி சேவைக்குத் தனிக் கட்டணம். இதை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அந்த விலைப்பட்டியல் அவர்கள் பக்கத்தின் அடியில் இருக்கத்தான் செய்தது. கீழே வரை உருட்டிப் பார்க்காதது என் தப்பு. முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். மூன்றாம் வருடமும் கட்டினோம்.

நான்காம் வருடம்தான் வேறு கடைக்கு மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். டொமைனை மாற்றுவதற்கு ஒரு ரகசியக் கோட் வேண்டும். பழைய கடை கொடுக்கும், புதுக் கடையில் அதைப் போட்டால் டொமைன் நகர்ந்துவிடும். எங்கள் கணக்குப் பக்கத்தில் நேம்சர்வர் மாற்றப் பொத்தான் இருந்தது, கூடுதல் சேவை வாங்க நாலு பொத்தான்கள் இருந்தன. கோட் கேட்க ஒன்றுகூட இல்லை. சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டேன். மூன்று நாள் கழித்துப் பதில்: "இந்த வகை டொமைனுக்குக் கோட் என்று எதுவும் இல்லை."

நம்பிவிட்டேன். ஏனென்றால் அப்படியும் நாடுகள் உண்டு. டாட் யூகே முகவரியை மாற்ற நெடுங்காலம் கோட் வாங்கியதில்லை. எந்த ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைனைப் பதிவேட்டில் ஏற்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனம்) போகிறதோ அவர்களுடைய அடையாளக் குறியைப் பழைய ரெஜிஸ்ட்ரார் போட்டுவிடுவார், அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து ஏதோ உறுத்தி, அந்த நாட்டு டொமைன்களின் பதிவேட்டை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியின் தளத்திலேயே போய்ப் படித்தேன். 'மாற்றுக் கோடை உங்கள் ரெஜிஸ்ட்ராரிடம் கேட்டுப் பெறுங்கள்' என்று தெளிவாகப் போட்டிருந்தது. அந்த வரியை வெட்டி ஒட்டி மறுபடி டிக்கெட். இந்த முறை பதில் வேறு: உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டுமாம். அக்கா கையெழுத்துப் போட்டாள், ஸ்கேன் செய்து அனுப்பினோம். அதற்கு வந்த ஒரு வரிப் பதிலைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை: "கையெழுத்து, பதிவேட்டில் உள்ள உரிமையாளருடையதாக இல்லை."

அப்போதுதான் முதல்முறையாக, டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஹூயிஸில் அக்காவின் டொமைனைப் போட்டுப் பார்த்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் நாங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு கம்பெனியின் பெயர். முகவரி அவர்களுடையது, தொடர்பு மின்னஞ்சல் அவர்களுடையது. ரெஜிஸ்ட்ரார் என்ற இடத்திலோ நாங்கள் வாங்கிய கடையின் பெயரே இல்லை, மூன்றாவதாக ஒரு நிறுவனம். அக்காவின் பெயர் மேலிருந்து கீழ் வரை எங்குமே இல்லை. நான்கு வருடம் பணம் கட்டியவள் அவள்.

விஷயம் இதுதான். பிரதிநிதி சேவையில் இரண்டு வகை இருக்கிறது. உரிமையாளராக நம் பெயரை வைத்துவிட்டு, தொடர்புக்கு மட்டும் உள்ளூர் ஆளின் முகவரியைக் கொடுப்பது ஒன்று. உரிமையாளர் இடத்திலேயே உள்ளூர் கம்பெனியை உட்காரவைத்து, நமக்குப் 'பயன்படுத்தும் உரிமை'யை மட்டும் ஒப்பந்தத்தில் தருவது இன்னொன்று. ரெஜிஸ்ட்ரியின் விதி முதல் வகைக்கு இடம் தராத நாடுகளில் இரண்டாவதுதான் வழி, அது சட்டவிரோதமும் இல்லை. ஆனால் வாங்கும்போது அதை வாய்திறந்து சொல்ல வேண்டாமா? எங்கள் ஒப்பந்தத்தில் பதினேழாவது பிரிவில் இருந்தது, பிறகு தேடிக் கண்டுபிடித்தேன்.

இலவச டொமைன் காலத்தில் இதே ஏற்பாடு பெரிய அளவில் நடந்தது. டாட் டிகே, டாட் எம்எல், டாட் ஜிஏ எல்லாம் ஃப்ரீநோம் என்ற நிறுவனம் வழியாகச் சும்மா கிடைத்தன. எடுத்தவர்கள் பயன்படுத்துபவர்கள் மட்டுமே, உரிமையாளர் ஃப்ரீநோம்தான். ஃபேஸ்புக்கின் மெட்டா நிறுவனம் தொடுத்த வழக்கு வெளியே தெரிந்த 2023-இல் அவர்கள் புதுப் பதிவை நிறுத்தினார்கள், 2024 பிப்ரவரியில் டொமைன் தொழிலையே விடுவதாக அறிவித்தார்கள். சும்மா கிடைத்ததற்கு அது நடந்தால் 'சரி, போகட்டும்' என்று விட்டுவிடலாம். நாங்கள் ஆறு மடங்கு விலை கொடுத்தோம்.

யாரிடம் முறையிடுவது? ஹூயிஸில் இருந்த ரெஜிஸ்ட்ராருக்கு எழுதினேன். எங்களுக்கு வாடிக்கையாளர் அந்தக் கடைதான், அவர்களிடம் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதாவது நாங்கள் வாங்கிய இடம் ரெஜிஸ்ட்ராரே இல்லை, அவரிடம் வாங்கி விற்கும் ரீசெல்லர். அப்புறம் ரெஜிஸ்ட்ரிக்கு எழுதினேன். ஒரே நாளில், மரியாதையாக, உபயோகமில்லாத பதில் வந்தது: எங்கள் ஆவணப்படி உரிமையாளர் இன்னார், அவர் கேட்டால் மட்டுமே மாற்ற முடியும். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வழியில் போகிறவன் கேட்டான் என்று பத்திரத்தை மாற்றிக்கொடுத்தால் ஊரில் யார் வீடும் மிஞ்சாது.

டாட் காம், டாட் ஆர்க் போன்றவற்றுக்கு மேலே ஐகான் என்ற சர்வதேச அமைப்பு இருக்கிறது. ரெஜிஸ்ட்ரார் மாற்றுக் கோடை ஐந்து நாளுக்குள் தர வேண்டும், காலாவதிக்கு முன் இரண்டு முறை, பின் ஒரு முறையாவது அறிவிக்க வேண்டும், அழித்த டொமைனை 30 நாளுக்குள் மீட்க வழிவிட வேண்டும் என்று விதிகள் உண்டு. மீறினால் புகார் போடலாம். இரண்டெழுத்து நாட்டு டொமைன்களை இந்த விதிகள் கட்டுப்படுத்தாது. ஒவ்வொரு நாட்டு ரெஜிஸ்ட்ரியும் தனி ராஜ்யம். தகராறு தீர்க்கும் நடைமுறை பல நாடுகளில் இருக்கிறது, சிலவற்றை உலக அறிவுசார் சொத்து அமைப்பே விசாரிக்கிறது. ஆனால் அங்கெல்லாம் பொதுவாக முதலில் கேட்பது, அந்தப் பெயரில் உங்களுக்கு வர்த்தகமுத்திரை உரிமை இருக்கிறதா என்பது. சான்றிதழ் மொழிபெயர்க்கும் ஒருத்தி வர்த்தகமுத்திரைக்கு எங்கே போவாள்?

இந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது, வாயை மூடிக்கொண்டு இன்னொரு வருடம் புதுப்பித்துவிட்டுச் சண்டையைத் தொடர்வது. செய்யவில்லை. வீம்பு ஒரு காரணம், தானாகப் புதுப்பிக்கும் வசதி இருக்கிறதே என்ற அசட்டுத் தைரியம் இன்னொரு காரணம். கணக்கில் இருந்த கார்டு நடுவில் மாறிவிட்டிருந்தது. நினைவூட்டல் மெயில்கள் வந்தன, அக்கா பார்த்தாள். நான் அந்தக் கடையோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று விட்டுவிட்டாள். ஒரு வியாழக்கிழமை காலை போன்: "டேய், ரெண்டு நாளா எனக்கு ஒரு மெயில்கூட வரல, உனக்கு வருதா?"

டொமைன் நின்றால் அதிலுள்ள மெயிலும் நிற்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கடையில் கணக்குத் திறந்தபோது தொடர்பு மின்னஞ்சலாக நான் கொடுத்திருந்தது அதே டொமைனில் இருந்த அக்காவின் முகவரியை. காலாவதிக்குப் பிறகு வந்த அறிவிப்பு அந்த முகவரிக்குப் போனது. கணக்கில் நுழையக் கேட்ட கடவு எண்ணும் அந்த முகவரிக்கே போனது. சப்போர்ட்டிடம் கேட்டால், பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து எழுதினால்தான் அடையாளம் ஏற்போம் என்றார்கள். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வாசலில் நின்றோம்.

பாஸ்போர்ட் நகல், பழைய பில்கள், வங்கிக் கணக்குப் பக்கம் எல்லாம் அனுப்பி ஆளை நிரூபிக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் கடையின் பதில் மாறியிருந்தது. உங்கள் சேவை ஒப்பந்தம் முடிந்துவிட்டது, டொமைன் எங்கள் கூட்டாளி நிறுவனத்தின் சொத்து, வேண்டுமானால் விலைக்குத் தருகிறோம் என்று ஒரு தொகை சொன்னார்கள். முதல் வருடம் கொடுத்ததைப்போல நாற்பது மடங்கு. ஹூயிஸில் பார்த்தால் டொமைன் அழியவே இல்லை, இன்னொரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் விளம்பரங்கள். அதில் இரண்டு மற்ற மொழிபெயர்ப்பாளர்களுடையவை. விலை வித்தியாசத்தை நான் ஏமாற்று என்று சொல்லவில்லை. இதைச் சொல்கிறேன்.

அக்கா பணம் கொடுக்க மறுத்துவிட்டாள். கொடுத்தாலும் பெயர் அவளுடையதாகும் என்பதற்கு அந்தக் கடையின் வாக்குறுதி மட்டும்தான் இருந்தது.

புது முகவரி வாங்கியபோது தலைகீழாகப் போனேன். உலக டொமைன் முடிவுகளின் பட்டியலைப் பராமரிக்கும் ஐயானாவின் தளத்தில் ஒவ்வொரு இரண்டெழுத்துக்கும் யார் பொறுப்பு என்ற பட்டியல் இருக்கிறது. அங்கிருந்து ரெஜிஸ்ட்ரியின் தளம், அங்கிருந்து அவர்கள் அங்கீகரித்த ரெஜிஸ்ட்ரார்களின் பட்டியல். அதில் இல்லாத கடைகளை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தள்ளிவிட்டேன். ரீசெல்லர்கள் எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை, எனக்கு இனித் தெம்பில்லை. மிச்சம் இருந்தவற்றில் முதல் வருட விலையைப் பார்க்கவே இல்லை. புதுப்பிக்கும் விலை, வெளியே மாற்றும் கட்டணம், மீட்புக் கட்டணம் இந்த மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். இதில் நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். டாட் ஏஐ என்றால் குறைந்தது இரண்டு வருடத்துக்கு வாங்க வேண்டும், ஒரு வருட விலை என்று போட்டிருப்பதை நம்பி ஒப்பிட்டால் ஏமாறுவோம். ரத்தான டாட் என்எல் (நெதர்லாந்து) முகவரி 40 நாள் தனிமையில் இருக்கும், அதற்குள் மீட்கலாம். டாட் டிஇ-யில் (ஜெர்மனி) அது 30 நாள். அதோடு ரெஜிஸ்ட்ரார் கைவிட்டுவிட்டால் ரெஜிஸ்ட்ரியே டொமைனைத் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொண்டு உரிமையாளருக்குக் கடிதம் போடும் ஏற்பாடு உண்டு. அந்தக் கடிதம் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்குத்தான் வரும் என்பதையும் கவனியுங்கள்.

வாங்குவதற்கு முன்பே சப்போர்ட்டுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்: உரிமையாளர் இடத்தில் யார் பெயர் வரும்? இரண்டு கடைகள் சுற்றி வளைத்தன. ஒன்று, "உங்கள் பெயர்தான், வாங்கிய ஒரு மணி நேரத்தில் ஹூயிஸில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியது. அங்கேதான் வாங்கினேன். உள்ளூர் முகவரி கேட்காத வேறொரு நாட்டு டொமைன் அது. அக்காவுக்கு அதன் ஓசை பிடிக்கவில்லை, இருந்தாலும் சரி என்றாள். அன்றே மாற்றுக் கோட் பொத்தானை அழுத்திப் பார்த்தேன், உடனே வந்தது. தொடர்பு மின்னஞ்சல் இப்போது வேறு இடத்தில் இருக்கிறது.

பழைய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் புது முகவரியைச் சொல்லியாகிவிட்டது. இருந்தாலும் போன மாதம் ஒருவர் போன் செய்து, தன் மகளின் பிறப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட் பக்கங்களையும் அனுப்பி ஒரு வாரம் ஆகிறது, ஏன் பதிலே இல்லை என்று அக்காவைக் கடிந்துகொண்டார். பழைய முகவரிக்கு அனுப்பியிருக்கிறார். மெயில் திரும்பி வந்ததா என்று கேட்டாள். இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டது என்றார்.