6,480 ரூபாய் கிட், ஆறு வருஷ அனுபவம்: இப்போது விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா?

நான் வீடு வீடாகச் சாமான் விற்கிற நேரடி விற்பனைக் கம்பெனி, புதிதாகச் சேருகிறவர்கள் வாங்குகிற ஸ்டார்ட்டர் கிட்டின் விலையைக் குறைத்துவிட்டது. 3,990 ரூபாயாக இருந்தது இப்போது 2,490. அந்த மெசேஜ் வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, முக்கூடலில் இருந்து தம்பி பொண்டாட்டி போன் போட்டுவிட்டாள். "மைனி, கிட்டு வெல கொறஞ்சிட்டுன்னு சொல்லுதாவளே, நானும் சேந்துரட்டா? உரிமைத்தொகை ஆயிரம் இருக்கு. மிச்சத்துக்கு பீடிக்கடையில அட்வான்ஸ் கேட்டுப் பாக்கேன்."

அட்வான்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சாயங்காலம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளைப் போலக் கையில் காசில்லாமல் இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற எல்லாருக்கும் இது பொருந்தும். கம்பெனி பெயர் வேண்டாம். ஐடி என்பது விற்பனையாளருக்குக் கம்பெனி தருகிற எண், அப்லைன் என்பது நம்மைச் சேர்த்துவிட்டவர்.

நான் சேர்ந்தது 2019 ஜூனில். அப்போது கிட் 6,480 ரூபாய். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு மண்டபத்தில் மீட்டிங். பேசி முடித்ததும் அப்லைன் அக்கா என் காதைப் பார்த்துத்தான் பேசினார்கள். "கம்மல் சும்மாதான கெடக்கு, மூணு மாசத்துல மூட்டிரலாம்" என்றார்கள். அரைப் பவுன் கம்மல், எங்கம்மா போட்டது. 6,500 ரூபாய்க்கு நூற்றுக்கு ரெண்டு வட்டியில் அடகு வைத்தேன். மூன்று மாதத்தில் மூட்ட முடியவில்லை, பதினாலு மாதம் ஆனது. வட்டி மட்டும் 1,820 ரூபாய். அதையும் சேர்த்தால் எனக்குக் கிட்டின் உண்மையான விலை 8,300.

சாமான் மோசமா என்றால், இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு லிட்டர் வாங்கினால் நாலு பேர் உள்ள வீட்டுக்கு ரெண்டு மாதம் தாராளமாக வருகிறது. பற்பசையும் ஷாம்பும் ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் மாற்றவே இல்லை. டெமோ காட்டும்போது நான் அந்த வீட்டு அஞ்சறைப்பெட்டி மூடியைத்தான் கேட்பேன். தாளிக்கிற எண்ணெயும் புகையும் மஞ்சள் தூளும் ஒன்றாகப் படிந்து, விரல் வைத்தால் ஒட்டும் பாருங்கள், அந்தப் பிசுக்கு. அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மூடி திரவம், பழைய துணியால் ஒரு இழுப்பு. எவர்சில்வர் பளிச்சென்று வெளியே தெரிகிற அந்த ஒரு கோட்டைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்காமல் விட்ட வீடு குறைவு. பாளையங்கோட்டையில் ஆற்றுத் தண்ணீர், எதைப் போட்டாலும் நுரை வரும். நாங்குநேரிப் பக்கம் போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகத் திரிந்து நிற்கும். அங்கேயும் இது நுரைத்தது. அதைப் பார்த்த அன்றுதான் எனக்கே இந்தச் சாமான் மேல் நம்பிக்கை வந்தது.

என் கோபமெல்லாம் அந்தக் கிரீம் மேல்.

கிட்டைத் திறந்தால் கழுவுகிற சாமான், குளிக்கிற சாமானோடு மூன்று பொருள் இருக்கும். 50 கிராம் சுருக்கம் போக்கும் கிரீம் 1,450 ரூபாய், முகத்துக்கு ஒரு சீரம் 1,180, ஒரு புரோட்டீன் டப்பா 1,890. விற்பனையாளருக்குக் கிடைக்கிற இருபது சதவீதத்தைக் கழித்தாலும் இந்த மூன்றுக்கு மட்டும் 3,616 ரூபாய். நான் கம்மலை வைத்துக் கட்டிய பணத்தில் பாதிக்கு மேல் இதில் போய் உட்கார்ந்துகொண்டது. பீடித் தட்டை மடியில் வைத்து ஆயிரம் பீடி சுற்றினால்தான் அன்றைக்குக் கூலி என்கிற ஊரில் 1,450 ரூபாய் முகக் கிரீமை யாரிடம் கொண்டுபோய் நீட்டுவது? புரோட்டீன் டப்பா பெருமாள்புரத்தில் பாதி விலைக்குப் போனது. கிரீமும் சீரமும் பீரோவிலேயே இருந்து தேதி முடிந்தது. கடைசியில் அந்தக் கிரீமை என் மாமியார் பித்தவெடிப்புக்குப் போட்டுத் தீர்த்தார்கள். ஆறு வருஷம் கழித்து வந்திருக்கிற இந்த 2,490 ரூபாய் கிட்டின் பட்டியலையும் நேற்று வரி வரியாகப் படித்தேன். சீரம் போய்விட்டது, புரோட்டீன் போய்விட்டது. கிரீம் அப்படியே இருக்கிறது.

சரி, கிட் வாங்காமல் சேர முடியுமா? இதற்குப் பதில் எனக்கு மூன்று வருஷம் தெரியாது. சொன்னவர் என் அப்லைன் இல்லை, பெருமாள்புரத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். 2022-ல் அவர் வீட்டு வாசலில் நின்று மணி அடித்தேன். "அடையாள அட்டை இருக்காம்மா? வரேன்னு முன்கூட்டியே கேட்டியா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தன் போனில் எடுத்துப் படித்துக் காட்டினார். 2021 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த நேரடி விற்பனை விதிகள். அட்டை இல்லாமல், முன் அனுமதி இல்லாமல் விற்பனையாளர் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக்கூடாது. புதிதாகச் சேர வருகிறவரை விளக்கப் புத்தகமோ டெமோ சாமானோ வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்லக்கூடாது. அதற்கு முன்னாலேயே 2016-ல் வந்த வழிகாட்டு நெறிமுறையில், சேருவதற்குக் கட்டணமும் டெமோ சாமானுக்குக் காசும் கேட்கக்கூடாது, யோசித்துப் பார்த்து விலகிக்கொள்ள அவகாசம் கொடுக்க வேண்டும், விற்கக்கூடிய நிலையில் இருக்கிற சாமானைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. நான் கிட் வாங்கின கதையைக் கேட்டுவிட்டு அவர், "அப்ப அந்த ஆறாயிரத்து நானூத்தி எண்பதை நீ கொடுத்திருக்கவே வேண்டாமேம்மா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பாத்திரத் திரவம் ரெண்டு லிட்டர் ஆர்டர் கொடுத்தார், இன்றைக்கும் வாங்குகிறார்.

வீட்டுக்கு வந்து என் ஒப்பந்தக் காகிதத்தைத் தேடி எடுத்தேன். கிட் என்பது விருப்பம் இருந்தால் வாங்கலாம் என்றுதான் போட்டிருந்தது. கம்பெனி காகிதத்தில் ஒன்று இருக்கிறது, மீட்டிங்கில் வாய் வேறு சொல்கிறது. "கிட் எடுக்கலன்னா ஐடி ஆக்டிவ் ஆகாது", "ரிட்டர்ன் போட்டா ஐடி போயிரும்", இந்த ரெண்டையும் நம்பித்தான் கிரீமைத் திருப்பி அனுப்பாமல் விட்டேன். பிற்பாடு ஒரு தடவை பிரிக்காத ஷாம்பு ரெண்டைத் திருப்பி அனுப்பிப் பார்த்தேன். பத்தொன்பதாம் நாள் பணம் வந்துவிட்டது, ஐடியும் எங்கேயும் போகவில்லை. அந்த விஷயத்தில் கம்பெனி மேல் குறை சொல்ல மாட்டேன்.

அந்த வருஷத்தில் இருந்து என் கீழே சேருகிற யாரையும் நான் கிட் வாங்க விடுவதில்லை. என் டெமோ பைதான் சுற்றுகிறது. நீல நிறம், நாலு அறை, கிட்டோடு சும்மா கொடுத்தது. கிட்டிலேயே உருப்படியான பொருள் எது என்று கேட்டால் இந்தப் பையைத்தான் சொல்வேன். அதில் ஒன்பது பொருள், எல்லாம் திறந்தது, காட்டுவதற்கு மட்டும். திங்கள் செவ்வாய் சிந்துபூந்துறைக்காரி, புதன் வியாழன் மேலப்பாளையத்து அக்கா, வெள்ளி சனி பத்தமடைப் பிள்ளை. மூன்று பேரும் கையில் வைத்திருக்கிறது ஒரு நாற்பது பக்க நோட்டுதான். ஆர்டர் எழுதும்போதே பாதிப் பணம் வாங்கிவிட வேண்டும், வாங்காத ஆர்டர் ஆர்டரே இல்லை. சனிக்கிழமை ராத்திரி மூன்று நோட்டையும் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடுவேன், பார்சல் கூலியும் மிச்சம்.

கணக்கு இதுதான். வாரத்தில் மூன்று பேருக்கும் சேர்த்து பத்தாயிரத்துக்கு ஆர்டர் என்றால் எங்கள் கொள்முதல் எட்டாயிரம். முன்பணமாக ஐயாயிரம் வந்துவிடும். துண்டு விழுவது மூவாயிரம். அதற்கு எங்கள் மகளிர் குழுவில் உள்கடனாக ஐயாயிரம் வாங்கிச் சுழலவிட்டிருக்கிறேன், நூற்றுக்கு ஒரு வட்டி. மாதம் ஐம்பது ரூபாய், அதை நானே கட்டுகிறேன். சாமானைக் கொடுத்து மீதிப் பணத்தை வாங்கியதும் அவரவர் இருபது சதவீதத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை என்னிடம் தருவார்கள். இந்த மூவாயிரம் இல்லாததற்காகத்தான் ஊர் பூராவும் பெண்கள் கம்மலையும் வளையலையும் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

பஸ் செலவும் கிடையாது. 2021 மே மாதத்தில் இருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பை சீட்டுக்கு அடியில் போய்விடுகிறது. பான் கார்டு மட்டும் முதலிலேயே எடுத்துவிடச் சொல்வேன். அது இல்லாமல் கமிஷனில் வரி பிடித்தால் 20 சதவீதம் போய்விடும். ஆதாரில் போன் நம்பர் சேர்ந்திருந்தால் வருமானவரித் துறை தளத்திலேயே இ-பான் இலவசமாக எடுக்கலாம். பிரவுசிங் சென்டரில் முந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்து நின்றவளைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் வருஷம் ஒரு பிள்ளை முன்பணம் வாங்காமல் சொந்தக்காரர்களுக்கே சாமானை இறக்கி 2,300 ரூபாய் மாட்டிக்கொண்டது. கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் அது ஒதுங்கிப் போகும். பணத்தை விட அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை மறக்க முடியுமா? தாமிரபரணி சிந்துபூந்துறைக்குள் ஏறியபோது பை அந்த வீட்டில்தான் இருந்தது. தண்ணீர் வடிந்து ரெண்டாவது நாள் போன் கிடைத்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, பை போச்சுக்கா." வீட்டில் அரிசி போயிருக்கிறது, மிக்ஸி போயிருக்கிறது, பிள்ளைகள் புத்தகம் போயிருக்கிறது. அவள் பைக்காக அழுகிறாள். நான் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் சேறு அப்பிக் கிடந்தது. ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துக் கழுவினோம். மூடி ஒன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. ஸ்டிக்கர்தான் உரிந்து போயிருந்தது. பாட்டில் மேல் மார்க்கரில் அவளே சாமான் பெயரை எழுத, மறு வாரமே பை வெளியே கிளம்பியது. அந்த வாரம் வந்த ஆர்டர் எல்லாமே தரை கழுவுகிற திரவம். ஊர் முழுக்கச் சேறு கழுவிக்கொண்டிருந்த வாரம் அது. வந்த காசில் அவள் அடுப்பு வாங்கினாள்.

ஜிப் மட்டும் அந்தச் சேற்றுக்குப் பிறகு சரியில்லை. ரெண்டு தடவை ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்துக்குப் பக்கத்தில் பை தைக்கிறவரிடம் கொடுத்து ரன்னர் மாற்றினேன். நாற்பது ரூபாய்.

இனி விலைக் குறைப்புக்கு வருகிறேன். நியாயமாகச் சொன்னால் 2,490 நல்ல விலை. 2025 செப்டம்பர் 22-ல் இருந்து ஷாம்பு, பற்பசை, குளியல் சோப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்தில் இருந்து 5 ஆனதும் அதில் தெரிகிறது. சாமான் தரம் குறையவில்லை, பையும் உண்டு. தனித்தனியாக வாங்கினால் இதைவிட அதிகம் ஆகும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வாங்கலாம் என்றுதான் வரும்.

வாங்காதீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் கிரீமைக் கிட்டில் இருந்து எடுக்கிற வரைக்கும், மீட்டிங்கில் காதையும் கழுத்தையும் பார்த்துப் பேசுவதை நிறுத்துகிற வரைக்கும், கடன் வாங்கி யாரும் இதைத் தொட வேண்டாம். கிட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாராவது நெருக்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள்.

முக்கூடல்காரிக்குச் சாயங்காலம் இதைத்தான் சொன்னேன். "பீடிக்கடையில அட்வான்ஸ் கேக்காத. ஆயிரத்தைப் பிள்ளை பேர்ல போடு. ஒரு நோட்டு வாங்கிக்கோ, பான் கார்டுக்கு எழுதிப் போடு. பத்தமடைப் பிள்ளை பேறுகாலத்துக்குப் போறா, வெள்ளி சனி இனி உனக்கு. வியாழக்கிழமை சாயந்தரம் வந்து பையை எடுத்துட்டுப் போ."

"மைனி, அதுக்கு வாடகை ஏதும் தரணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். ஜிப்பை மட்டும் மெதுவா இழு."