ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ஆ, டெக்கன் 8-ஆ: புதிதாக இறங்குபவர் எதில் தொடங்கலாம்?

ஃபைட்டிங் கேம் கற்றுக்கொள்ள ஆசைப்படும் யாரும் முதலில் கேட்பது “எது ஈஸி?” என்றுதான். எதை எடுத்தாலும் ஆன்லைனில் முதல் சில வாரங்கள் அடி வாங்கப் போவது உறுதி. அதனால் என் அளவுகோல் வேறு. தோற்ற பிறகு, ஏன் தோற்றோம் என்பது எந்த விளையாட்டில் சீக்கிரம் புரிகிறது? அதை வைத்துத்தான் இந்த இரண்டையும் எடை போடுகிறேன். ஒன்று, கேப்காம் 2023 ஜூனில் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6. இன்னொன்று, பண்டாய் நாம்கோ 2024 ஜனவரியில் வெளியிட்ட டெக்கன் 8.

நம் ஊரில் பலருக்கும் மனம் டெக்கன் பக்கம்தான் சாயும். பிளேஸ்டேஷன் வைத்து மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய கடைகளில் டெக்கன் 3 ஆடி வளர்ந்த தலைமுறை இது. எடி என்ற கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு இரண்டு கிக் பட்டன்களையும் மாற்றி மாற்றி அமுக்கினால் போதும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் காலி. அந்த ஞாபகத்தை நம்பி டெக்கன் 8 வாங்குபவர்களுக்கு ஆன்லைனில் ஒரே இரவில் தெளிந்துவிடும். அதே எடி டெக்கன் 8-இலும் பின்னால் வந்து சேர்ந்தார். ஆனால் எதிரில் இருப்பவருக்கு இப்போது எங்கே குனிய வேண்டும், எங்கே திருப்பி அடிக்க வேண்டும் என்று தெரியும்.

டெக்கனை ஆடத் தொடங்குவது சுலபம். நான்கு பட்டன், இடது கை, வலது கை, இடது கால், வலது கால். எதை அமுக்கினாலும் பார்க்க அழகாக ஏதோ ஒன்று வரும். புரிந்துகொள்வதுதான் கஷ்டம். ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் நூறு அடிகளுக்கு மேல் உண்டு. வெளியானபோதே 32 பேர் இருந்தார்கள், அதன் பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அதில் ஒருவரான ஹ்வராங் கால்களை நிறுத்தாமல் வீசிக்கொண்டே வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். தொடராக வரும் அடிகளில் சில தலை உயரத்தில் வரும். குனிந்தால் தலைக்கு மேலே போய்விடும், நீங்கள் எழுந்து அடிக்கலாம். சில நடு உயரத்தில் வரும், குனிந்தால் வாங்கிக்கட்டிக்கொள்வீர்கள். சில காலைப் பெயர்க்கும். அதைக் குனிந்துதான் தடுக்க வேண்டும். எது எங்கே வருகிறது என்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்க நேரமில்லை, முன்பே தெரிந்திருக்க வேண்டும். பாடத்திட்டத்தையே காட்டாமல் பரீட்சையில் உட்கார வைத்த மாதிரிதான். போதாக்குறைக்கு இது முப்பரிமாண அரங்கம். பக்கவாட்டில் நகர்ந்து தப்பலாம். ஆனால் எந்த அடிக்கு எந்தப் பக்கம் என்பதும் தனிப் பாடம்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் அறிவுச் சுமை குறைவு. இருபரிமாணம், ஆளுக்கு அடிகளும் கொஞ்சம்தான், தொடக்கத்தில் 18 பேர். அங்கே தடை வேறு இடத்தில், விரலில் இருக்கிறது. ஆறு பட்டன்கள், கூடவே திசை விசையைக் கால் பங்கு வட்டமாகச் சுழற்றும் அந்தப் பழைய முறைகள். அதற்குத்தான் மாடர்ன் கன்ட்ரோல் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். என் பார்வையில் இந்த ஒப்பீட்டின் முடிவே இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எதிராளி உங்களை நோக்கி ஜம்ப் அடிக்கிறார். இந்த விளையாட்டு வினாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்களாக ஓடுகிறது; பெரும்பாலானோரின் ஜம்ப் தொடங்கி முடிய சுமார் 45 ஃபிரேம், அதாவது முக்கால் வினாடி. நீங்கள் அதைக் கவனித்து முடிவெடுத்த பிறகு மிச்சமிருப்பது அரை வினாடியோ அதற்கும் குறைவோ. பழைய முறையான கிளாசிக் கன்ட்ரோலில் ரியூ என்ற கதாபாத்திரத்தை ஆடினால் அதற்குள் முன், கீழ், கீழ்-முன் என்று சுழற்றிப் பஞ்ச் அமுக்கினால்தான், மேலே எழும்பிக் குத்தும் ஷோர்யூகென் வரும். பதற்றத்தில் ஃபயர்பால் வந்துவிடும். தலையில் அடி விழும். மாடர்னில் முன்பக்கம் அழுத்திக்கொண்டு ஸ்பெஷல் பட்டன், அவ்வளவுதான்.

இதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம் புரியவில்லை. விலை கொடுத்துத்தான் இந்தச் சுலபத்தை வாங்குகிறீர்கள். குறுக்குவழியில் போட்ட ஸ்பெஷல் அடிக்கு 20 சதவீதம் சேதம் குறைவு, சில சாதாரண அடிகள் மாடர்னில் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் கற்றுக்கொள்பவருக்கு இதன் லாபம் பெரிது. ஜம்ப்பைத் தடுக்கவில்லை என்றால், நீங்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம். விரல் தடுமாறியதா, கண் தவறவிட்டதா என்ற குழப்பம் இல்லை. தோல்விக்கான காரணம் பளிச்சென்று தெரிகிறது.

டெக்கன் 8-இலும் இதற்கு இணையாக ஸ்பெஷல் ஸ்டைல் உண்டு. ஆட்டத்தின் நடுவிலேயே ஒரு பட்டனைத் தட்டினால் அதற்கு மாறிவிடலாம், முக்கியமான அடிகளும் காம்போவும் (அடுத்தடுத்துத் தொடரும் அடிகள்) ஒரே பட்டனில் வரும். வசதிதான். ஆனால் அது சரிசெய்வது உங்கள் அடியை மட்டும். எதிராளி என்ன செய்கிறார் என்பதை அது சொல்லித்தராது. டெக்கனில் புதியவர் தோற்பதோ பெரும்பாலும் இரண்டாவதால்தான்.

இந்தக் குறையை டெக்கன் வேறு வழியில் ஈடுகட்டப் பார்க்கிறது. முடிந்த ஆட்டத்தின் ரீப்ளேயைத் திறந்தால், ‘இந்த அடியைத் தடுத்த பிறகு இதைக் கொண்டு திருப்பி அடித்திருக்கலாம்’ என்று அதுவே குறிப்பு காட்டும். அந்த இடத்திலேயே நிறுத்தி, கன்ட்ரோலை நீங்கள் எடுத்து ஆடியும் பார்க்கலாம். அருமையான வசதி. உட்கார்ந்து பார்க்கும் பொறுமை இருந்தால் ஒரு தோல்விக்கு ஒரு பாடம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். ஆனால் பாதிப்பேர் தோற்ற கையோடு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பதே என் சந்தேகம்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரிலும் புதியவரை வதைக்கும் ஒன்று உண்டு: டிரைவ் இம்பாக்ட். மை தெறிக்கப் பாய்ந்து வரும், இரண்டு அடிகளைத் தாங்கிக்கொண்டு உங்களைச் சுவரில் அறையும். கீழ் ரேங்க்கில் இதை மட்டுமே நம்பி ஆடுபவர்கள் ஏராளம். பதில் எளிது, நீங்களும் திருப்பி டிரைவ் இம்பாக்ட் போட்டால் உங்களுடையதுதான் ஜெயிக்கும். அது வந்து விழ 26 ஃபிரேம் ஆகிறது, பழகினால் பார்த்தே தடுக்கலாம். டிரெயினிங் மோடில் பொம்மைக்கு இரண்டு செயல்களை ரெக்கார்ட் செய்யுங்கள். ஒன்றில் ஜம்ப், இன்னொன்றில் டிரைவ் இம்பாக்ட். இரண்டையும் மாற்றி மாற்றி வரவிட்டு, வருவதற்கு ஏற்றபடி பதில் கொடுங்கள். தினமும் பத்து நிமிஷம் போதும். முப்பது அடி காம்போவை மனப்பாடம் செய்வதைவிட இது சீக்கிரம் ரேங்க் ஏற்றும்.

தனியாக ஆடும் பகுதிகளைப் பொறுத்தவரை டெக்கனின் ஆர்கேட் குவெஸ்ட்டுக்குத்தான் என் ஓட்டு. சின்னது, அடிப்படைகளைச் சொல்லித்தந்துவிட்டு விலகிவிடும். ஸ்ட்ரீட் ஃபைட்டரின் வேர்ல்டு டூர் ஜாலியானது, நீளமானது. ஆனால் லெவல் ஏற ஏற உங்கள் பலமும் ஏறிவிடுவதால் திறமையால் ஜெயித்தோமா ஏறிய லெவலால் ஜெயித்தோமா என்றே தெரியாது.

கன்ட்ரோலர் விஷயத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். கையில் இருக்கும் பேட் போதும். கணினியில் ஆடுபவர்களுக்குக் கீபோர்டும் மோசமில்லை. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் லீவர்லெஸ் கன்ட்ரோலர்கள் (ஸ்டிக் இல்லாமல் பட்டன்கள் மட்டும் உள்ளவை) அடிப்படையில் அதே வேலையைத்தான் செய்கின்றன. மூன்று நான்கு விசைகளை ஒன்றாக அமுக்கினால் ஒன்றை விழுங்கிவிடும் மலிவுக் கீபோர்டை மட்டும் தவிருங்கள். வைஃபையை விட்டு கேபிள் போடுவது இரண்டுக்கும் பொது. பிளேஸ்டேஷன் 4 மட்டும்தான் வீட்டில் இருக்கிறது என்றால் விவாதமே இல்லை. டெக்கன் 8 அதில் வராது, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வரும்.

ஆக, தனியாகக் கற்பவருக்கு என் பரிந்துரை ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, மாடர்ன் கன்ட்ரோல், கதாபாத்திரம் லூக் அல்லது ரியூ. ஒரே ஒரு நிலைமையில் மட்டும் இதை மாற்றிச் சொல்வேன்: டெக்கன் ஆடும் நண்பர் ஒருவர் உங்களுக்கு இருந்தால். டெக்கனின் பாரமே தகவல் என்பதால், “அந்த மூணாவது அடிக்குக் குனிடா” என்று பக்கத்தில் இருந்து ஒருவர் சொன்னால் பாதி பாரம் இறங்கிவிடும். 2019-இல் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் டெக்கன் 7-இல், ஃபைட்டிங் கேம்களின் பெரிய போட்டிகளான ஈவோ ஜப்பானையும் லாஸ் வேகஸ் ஈவோவையும் அடுத்தடுத்து ஜெயித்தபோது உலகம் வியந்தது. தன் ஊரில் தனக்குச் சமமாக ஆடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று அவரே சொன்னார். அப்படி ஒரு கூட்டம் உங்கள் தெருவிலோ கல்லூரியிலோ இருந்தால் யோசிக்காமல் டெக்கன் 8 வாங்குங்கள், பால் என்ற கதாபாத்திரத்தை எடுங்கள், அவர்களிடமே போய் அடி வாங்குங்கள். இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா? இரண்டுக்கும் இலவச டெமோ இருக்கிறது.