மணி பார்த்துச் சாப்பிட வேண்டிய ஊர்

மதுரையில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்பவர்களிடம், எத்தனை மணிக்கு என்றுதான் நான் முதலில் கேட்பேன். இந்த ஊரின் நல்ல கடைகளில் பலவும் ஏதேனும் ஒரு பண்டத்துக்குப் பெயர் பெற்றவை. அந்தப் பண்டமும் ஒரு குறிப்பிட்ட வேளைக்கு உரியதாகவே இருக்கும். காலையில் கறிதோசையையும் இரவு பத்து மணிக்கு அயிரைமீன் குழம்பையும் தேடி அலைந்துவிட்டு, மதுரைச் சாப்பாடு சொல்லும்படியாக இல்லை என்று திரும்பிப் போனவர்களை நான் அறிவேன். மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் நடுவிலேயே வளர்ந்த எனக்கு அது வருத்தம் தருவதால், நான் திரும்பத் திரும்பப் போகும் இடங்களை அவற்றின் வேளையோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் எனக்கு முதன்மையானது சிம்மக்கல் கோனார் கடையின் கறிதோசை. மசால் தோசையில் உருளைக்கிழங்குக்குப் பதிலாகக் கறியை வைத்து மடித்துத் தருவார்கள் என்று எண்ணி வருபவர்கள் உண்டு, இது அப்படிப்பட்டதன்று. கல்லில் கனமாக ஊற்றிய மாவு வேகத் தொடங்கும்போதே அதன்மேல் முட்டையைப் பரப்பி, முட்டை இறுகுவதற்குள் மசாலாவில் ஏற்கெனவே வெந்த ஆட்டுக்கறியை அதன்மேல் அடர்த்தியாக இட்டு, பிறகு முழுவதையும் ஒரே வீச்சில் திருப்பிப் போடுகிறார்கள். அவசரப்பட்டுத் திருப்பினால் கறி சிதறிவிடும். தாமதித்தால் முட்டை தனியே இறுகி, கறி அதில் ஒட்டாமல் நின்றுவிடும். சரியான நேரத்தில் திருப்பிய தோசையில், கல்லில் நேரடியாகப் பட்ட கறியின் விளிம்புகள் முறுகியிருக்க, நடுவில் முட்டையும் அடியில் தோசையும் மெத்தென்று இருக்கும். மூன்று அடுக்கையும் சேர்த்துக் கிள்ளி, கறிக்குழம்பில் தோய்த்து உண்ண வேண்டும். ஒன்று சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும் என்பதால், அதற்கு முன் வேறு எதையும் வாங்கி இடத்தை அடைத்துக்கொள்ள வேண்டாம். பார்சல் வாங்குவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பொட்டலத்துக்குள் ஆவி இறங்கியவுடன் முறுகல் போய்விடுகிறது. இது இருட்டிய பிறகு உண்ணும் உணவு. கூட்டம் சேருவதற்கு முன்பே போய்விடுவது நல்லது.

இதே பெயரில் ஊரின் வேறொரு பகுதியில் ஓர் உணவகத்தில் எனக்குக் கொடுத்தது, தனியே சுட்ட ஆம்லெட்டைத் தோசைமேல் வைத்து, குழம்பிலிருந்து அரித்தெடுத்த கறியைத் தூவிய ஒன்று. பொருள்கள் எல்லாம் இருந்தும் அது கறிதோசை ஆகவில்லை.

ஜிகர்தண்டாவைப் பற்றியும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாடெங்கும் இந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை இனிப்பு மிகுந்த குளிர்ந்த பால் மட்டுமே. விளக்குத்தூண் அருகே கீழ மாரட் வீதியில் உள்ள ஃபேமஸ் ஜிகர்தண்டா கடையில் ஒரு முறை குடித்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அடிப்படை, நெடுநேரம் காய்ச்சிச் சுண்டவைத்து, நிறம் மாறிய பால். அந்த நிறமும் மணமும் காய்ச்சுவதிலிருந்து வர வேண்டுமேயன்றி வண்ணப் பொடியிலிருந்து வரக் கூடாது. குவளையின் அடியில் கடல்பாசி வழுவழுவென்று கிடக்க, அதன்மேல் நன்னாரி சர்பத்தும் சுண்டிய குளிர்ந்த பாலும் ஊற்றி, மேலே பழுப்பு நிற ஐஸ்கிரீமை இடுவார்கள். முதல் வாய்க்குப் பாலின் கனமும், அடுத்து நன்னாரியின் மணமும், கடைசியில் பாசியும் நாவில் படும். ஸ்பெஷல் என்ற பெரிய குவளையில் பாலின் திண்மை கூடுதல் என்பதால், முதல் முறை குடிப்பவர்களுக்குச் சாதாரணக் குவளையே ஏற்றது என்பது என் கருத்து. மே மாத வெயிலில் பிற்பகல் நான்கு மணிக்குக் கடைத்தெருவில் நடந்து களைத்தபின் குடிக்கும்போதுதான், ஈரலைக் குளிர்விப்பது என்ற அதன் பெயர்ப் பொருள் உடம்புக்குத் தெரியும்.

குவளையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நிற்கும் விளக்குத்தூணையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். 1840களில் இங்கே ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடிக்கச் செய்து நகரத்தை விரித்ததன் நினைவாக எழுந்தது அது. வெளி வீதிகளும் இன்று நாம் நின்று குடிக்கும் மாரட் வீதியும் அந்த மாற்றத்தில் உருவானவையே.

பகல் சாப்பாட்டுக்கு வைகையைக் கடந்து தல்லாகுளத்துக்குப் போக வேண்டும். அம்மா மெஸ், சந்திரன் மெஸ் இரண்டிலும் எனக்கு உரிய பண்டம் அயிரைமீன் குழம்பு. விரல் நீளம்கூட இல்லாத இந்த மீன் சேற்றில் வாழ்வது. உயிரோடு தேங்காய்ப்பாலில் விட்டு, வயிற்றிலுள்ள மண்ணைக் கக்கவைத்த பிறகே குழம்புக்குப் போகிறது. அந்த வேலையில் பொறுமை குறைந்தால் முதல் கவளத்திலேயே பல்லில் மணல் நெருடும். நல்ல குழம்பில் புளியும் மிளகாயும் மீனை மூடிவிடாமல், முள்ளோடு மென்று விழுங்கும்போது மீனின் இனிப்புத் தனியே தெரிகிறது. விலை அதிகம்தான், இத்தனை சிறிய மீனைப் பிடிப்பதற்கும் கழுவுவதற்கும் ஆகும் உழைப்பைப் பார்த்தால் அது அநியாயமாகப்படவில்லை. ஒரு மணிக்கு முன்பே போய்விடுங்கள். பிரியாணிதான் வேண்டும் என்பவர்கள் ஆற்றைக் கடக்காமல் கீழவெளி வீதி அம்சவல்லி பவனில் சீரகச் சம்பா அரிசியில் ஆக்கிய ஆட்டுக்கறி பிரியாணியை உண்ணலாம்.

காலைக்கு மேலமாசி வீதி முருகன் இட்லிக் கடை. கிளைகள் பல ஊர்களில் இருந்தாலும் எனக்கு இந்த இடம்தான் பழக்கம். இலையில் இடும் இட்லியை முதலில் ஒரு விள்ளல் வெறுமனே தின்றுவிட்டு, பிறகு பொடியும் நல்லெண்ணெயும், அதன்பின் சட்னிகள் என்று போவது என் வழக்கம். சாம்பாரில் முழுக்கிவிட்டால் இட்லியின் தரம் தெரியாமல் போகும். காபிக்குக் கோரிப்பாளையம் விசாலம்.

மாலைப் பலகாரத்துக்கு மேலச்சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை இருக்கிறது. வெள்ளையப்பம் ஓரத்தில் மொறுமொறுப்பாகவும் நடுவில் பஞ்சு போலவும் இருக்கும்; காரச் சட்னியோடு சூடாகத் தின்ன வேண்டும். பெரிய கடைகளில் அவ்வளவாகக் காணாத இன்னொன்று முள்ளுமுருங்கை வடை. முள்ளுமுருங்கை இலையை அரிசியோடு சேர்த்து அரைத்து, பூரி போல் தட்டிப் பொரித்து, மேலே மிளகாய்ப் பொடி தூவித் தருவார்கள். நாயக்கர் காலத்திலிருந்து இங்கே நெசவு செய்துவரும் சௌராஷ்டிர மக்கள் வாழும் தெருக்களில் மாலை வேளையில் பச்சை நிறத்தில் அடுக்கிவைத்திருப்பார்கள். சளிக்கு நல்லது என்று வீட்டுப் பெரியவர்கள் வாங்கிக் கொடுப்பார்கள்; நான் அதன் ருசிக்காகவே தின்கிறேன்.

ஊருக்குத் திரும்புகிறவர்கள் ரயில் நிலையம் அருகே பிரேமா விலாஸில் அல்வா வாங்குவது வழக்கம். பெட்டியில் கட்டி எடுத்துப் போவதற்கு முன், சூடாக ஐம்பது கிராம் இலையில் வாங்கி அங்கேயே நின்று தின்றுவிடுங்கள். ஆறிய அல்வாவில் நெய்யின் மணம் பாதியாகிவிடுகிறது.

இரவு தங்குபவர்களுக்கு இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவு கரைத்துக் காய்ச்சி, கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்த பருத்திப்பால் தள்ளுவண்டிகளில் விற்கும். பித்தளைப் பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருப்பதைக் குவளையில் ஊற்றி, மேலே தேங்காய்த் துருவலைத் தூவித் தருவார்கள். மார்கழிக் குளிரில் கீழவாசல் பக்கம் நடந்துகொண்டே அதைக் குடித்து முடிப்பதற்குள், மாட்டுத்தாவணிக்குப் போகும் பேருந்து வந்துவிடும்.