காரில் பி 0011 கோடு வந்ததும் டைமிங் செயினை மாற்றச் சொல்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

செட்டிநாட்டு ஊர்களில் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு, இதைச் சொல்லியே ஆக வேண்டும். கானாடுகாத்தானில் இருக்கும் எங்கள் அப்பச்சியிடம் ஓர் ஒர்க்‌ஷாப் 14,600 ரூபாய் வாங்கியிருக்கிறது. கார் சரியாகவில்லை. அதன் பிறகும், டைமிங் செயினையும் (எஞ்சினுக்குள் கேம்ஷாஃப்டைச் சுழற்றும் சங்கிலி) அதன் கேம் கியரையும் மாற்ற இன்னும் 62,000 ஆகும் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

கார் 2011 மாடல் கொரோலா ஆல்டிஸ். பெரும்பாலும் ஷெட்டில்தான் நிற்கும். எடுத்தால் கோயிலுக்கு, இல்லையென்றால் காரைக்குடிக்கு. செக் எஞ்சின் விளக்கு எரிந்தது, ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி ஓடும்போது, எஞ்சின் உதறியது. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் காட்டிய பிழைக் கோடு பி 0011.

இன்டேக் கேம்ஷாஃப்ட், அதாவது எஞ்சினுக்குள் காற்று வரும் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, இருக்க வேண்டிய இடத்தைவிட முன்னே போய் நிற்கிறது என்பதுதான் அந்தக் கோடு சொல்லும் செய்தி. ஏன் போனது, எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லாது. கேமை முன்னும் பின்னும் திருப்புவது எஞ்சின் ஆயிலின் அழுத்தம். அந்த ஆயில் போகும் வழியைத் திறந்து மூடுவது ஆயில் கண்ட்ரோல் வால்வு. அதற்கு முன்னால் ஒரு சின்ன வலை ஃபில்டர் உண்டு. ஆயில் குறைந்தாலும், கெட்டியானாலும், வலையில் கசடு அடைத்தாலும், வால்வு அழுக்கில் மாட்டிக்கொண்டாலும் இதே கோடுதான் வரும். எப்போதாவது எடுத்துச் சின்னத் தூரம் ஓட்டும் காரில் ஆயில் சரியாகச் சூடாகாது, கசடு சீக்கிரம் சேரும். நம் ஊர் வீடுகளில் நிற்கும் கார்களில் பாதி இப்படித்தான்.

இதில் எதையும் அவர்கள் பார்க்கவில்லை. முதலில் கேம் சென்சாரை மாற்றினார்கள். சென்சார் கெட்டிருந்தால் பொதுவாக பி 0340 மாதிரி வேறு கோடு வரும். இங்கே அது இல்லை. அப்புறம் ‘புது வால்வு’ என்று 6,200 ரூபாய். ஆயிலும் மாற்றினார்கள். கோடை அழித்து அனுப்பினார்கள், விளக்கு திரும்ப எரிந்தது. உடனே, “ஐயா, செயின் இழுத்துருச்சு. இப்படியே ஓட்டினா எஞ்சினே போயிரும்” என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டியவரிடம் அப்படிச் சொன்னால் அவர் என்ன செய்வார்? பணத்துக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கிவிட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான்.

காரைக்குடியில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் பாகம் எதையும் கழற்றுவதற்கு முன் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார். “அண்ணே, இது 20டபிள்யூ-50 மாதிரி இருக்கு. இந்த எஞ்சினுக்கு இவ்வளவு கெட்டி ஆகாது” என்றார். பில்லைப் பார்த்தால் அதேதான் எழுதியிருந்தது. பிறகு ஸ்கேனர் வழியாக, ஐடிலில் வால்வை இயக்கிப் பார்த்தார். வால்வு நன்றாக இருந்தால் அப்போது எஞ்சின் உதற வேண்டும், இல்லை அணைய வேண்டும். ஒன்றுமே மாறவில்லை. மல்டிமீட்டரில் அந்த வால்வை இயக்கும் மின்சுருள் (காயில்) 7.6 ஓம் காட்டியது. 20 டிகிரியில் 6.9 முதல் 7.9 வரை இருக்க வேண்டியது, அதனால் காயில் பிழைத்தது. வயர் கோளாறு என்றால் பி 0010 வந்திருக்கும், அதுவும் இல்லை.

வால்வைக் கழற்றப் போனபோதுதான் இன்னொன்று தெரிந்தது. போல்ட்டின் தலையில் பல வருட ஆயில் பிசுக்கும் செம்மண் தூசியும் கலையாமல் இருந்தன. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. புது வால்வு போடவே இல்லை! எடுத்த வால்வு கறுப்பாக, உள்ளே அசையாமல் இருந்தது. வலை ஃபில்டரில் பாதிக்கு மேல் அடைப்பு. இரண்டையும் சுத்தம் செய்து, கையேட்டில் சொன்ன ஆயிலையும் புது ஆயில் ஃபில்டரையும் போட்டார். மொத்தம் 4,300 ரூபாய். உதறல் நின்றது, விளக்கு திரும்ப எரியவில்லை.

செயின் ஒருபோதும் காரணமாகாது என்று சொல்லவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்தால், கூடவே பி 0016 கோடும் இருந்தால், வண்டியை ஓட்டாமல் செயினைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அறிகுறி இல்லாமல் நேரே செயினுக்குப் போகிறவரிடம், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். கோடை அழிப்பதற்கு முன் ஸ்கேனர் திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் பில்லோடு போய்க் கேட்டேன். பையன் மாற்றி எழுதிவிட்டான் என்றார்கள், பணம் தரவில்லை. 1915 எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், எஸ்டிமேட், கழற்றுவதற்கு முன் எடுத்த போல்ட்டின் படம் மூன்றும் கையில் இருக்கின்றன. இதே மாதிரி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் வாங்கியிருந்தால் பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.