மிதவை கியூப் ஜெட்டி: பெடல் படகுக்குச் சரி, பந்தயப் படகுக்கு?

படகு இல்லம் என்று பேச்செடுத்ததும் எல்லோரும் கட்டடத்தின் முகப்பைத்தான் வரைய ஆரம்பிக்கிறார்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது கடைசி வேலை. கிருஷ்ணகிரி அணையின் முழு உயரம் 52 அடி, கெலவரப்பள்ளிக்கு 44.28 அடி. பாசனத்துக்குத் திறந்துவிட்டால் கரையோரத் தண்ணீர் நாளுக்கு நாள் பின்வாங்கும். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகு உடைந்தபோது அது இன்னும் வேகமாக நடந்தது. சிமெண்ட் படித்துறை ஒரே ஒரு நீர்மட்டத்துக்குத்தான் உதவும். அதனால்தான் ஹெச்.டி.பி.இ. என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆன, உள்ளே வெற்றாக இருக்கும் மிதவை கியூப்கள் பக்கம் பலரும் திரும்புகிறார்கள்.

சந்தையில் பரவலாகக் கிடைப்பது 50 × 50 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்டது. ஒன்று 7 கிலோ அளவில் இருக்கும், சதுர மீட்டருக்கு 4. நாலு மூலையிலும் வெவ்வேறு உயரத்தில் காதுகள் இருக்கும். நாலு கியூப்பின் காதுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பெரிய பின்னைச் செருகிச் சாவியால் திருகினால் பூட்டிக்கொள்ளும். ஏறத்தாழ 350 கிலோவை ஒரு சதுர மீட்டர் தாங்கும். பெடல் படகு, பரிசல், குடும்பத்தோடு வருகிற கூட்டம் என்றால் குறை சொல்ல ஏதுமில்லை.

சிக்கல் பந்தயத் துடுப்புப் படகில் வருகிறது. ஆள் இல்லாதபோது இந்த கியூப் 3 செ.மீ.தான் மூழ்கும், மேற்பரப்பு தண்ணீரிலிருந்து 37 செ.மீ. உயரத்தில் நிற்கும். படகின் பக்கவாட்டில் நீண்டு துடுப்பைத் தாங்கும் சட்டமான ரிக்கரோ தண்ணீருக்கு மேல் ஒரு சாண் சொச்சம்தான். துறை அதைவிட உயரமாக இருந்தால் ரிக்கர் விளிம்பில் இடிக்கும், துடுப்பை விரிக்க முடியாது. துறை 15 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது.

இதற்கு 25 செ.மீ. மட்டுமே உயரமுள்ள தாழ்வான கியூப் வாங்குங்கள். அதுவும் அப்படியே விட்டால் 23 செ.மீ. மேலே நிற்கும். மூடியைத் திறந்து ஒவ்வொன்றிலும் 20 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் 15க்கு இறங்கும். தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 150 கிலோவாகக் குறையும். ஆனாலும் எட்டு பேர் படகின் குறைந்தபட்ச எடை 96 கிலோ, ஆட்களோடு சேர்த்து 800 கிலோவை ஒட்டி வரும். அது 18 மீட்டர் விளிம்பில் பரவும்போது பயமில்லை. இரண்டு உயர கியூப்களை ஒரே பரப்பில் கலக்காதீர்கள், காதுகள் பொருந்தாது. தனித்தனி மிதவையாக வைத்து இடையில் சிறு பாலம் போடுங்கள்.

அளவு 20 × 3 மீட்டர் போதும், ஆக 240 கியூப். நடுச் சந்திப்புகளுக்கு 195 பெரிய பின், ஓரச் சந்திப்புகளுக்கு 88 போல்ட். ஓரத்தில் இரண்டு காதுகள்தான் சேரும், மீதி இடைவெளிக்கு வளையம் போட வேண்டும். அதை மறந்து போல்ட்டை மட்டும் முறுக்கினால் காது ஆடி ஆடிக் கிழியும். துறை உடைவது பெரும்பாலும் இங்கேதான், நடுவில் அல்ல. விற்பவர்கள் வளையத்தைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்வதும் உண்டு.

நங்கூரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 100 கிலோ கான்கிரீட் கட்டை தண்ணீருக்குள் 58 கிலோதான். சங்கிலிகளைக் குறுக்காகக் கட்டி, ஆழத்தைப் போல மூன்று மடங்கு நீளம் விடுங்கள். தண்ணீர் இறங்க இறங்கச் சங்கிலியை இழுத்துக் கட்ட ஆள் வேண்டும். இது ஒருமுறை போட்டுவிட்டு மறக்கிற சாமான் இல்லை.

கரையிலிருந்து இறங்கும் பாலம் 12 மீட்டர் இருந்தால், மட்டம் 1 மீட்டர் இறங்கும்வரை சக்கர நாற்காலி போகும். 2 மீட்டர் இறங்கினால் 6க்கு 1 சரிவு. படகு தூக்குபவர்கள் சமாளிப்பார்கள், முதியவர்கள் மாட்டார்கள். பாலத்தின் கீழ்முனை உட்காரும் இடத்தில் கியூப்பை இரண்டு அடுக்காக வையுங்கள், இல்லையென்றால் அந்த மூலை மட்டும் அமிழும். அதற்கு மேலும் தண்ணீர் போனால் துறையையே இழுத்து நகர்த்தியாக வேண்டும். நம் ஊர்க் கரை கருங்கல் பாறை. மிதவை அதில் தரைதட்டினால் அடி ஓட்டையாகும். சேற்றில் தட்டினால் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் ஏறும்போது ஒரு பக்கம் மட்டும் கிளம்பிப் பின்களை முறிக்கும். நகர்த்தும் பாதையில் மட்டும் வழவழப்பான கான்கிரீட் சாய்தளம் போட்டுவைப்பது நல்லது.

கட்டடத்துக்கு வந்தால், எட்டு பேர் படகு நுழைய 20 மீட்டர் நீளக் கொட்டகை, 4 மீட்டர் அகலக் கதவு, காற்றோட்டத்துக்கு இரும்புக் கிரில். தரை மட்டம் அணையின் முழு மட்டத்துக்கு மேலே. அவ்வளவுதான்.

கியூப்பில் சாம்பல் நிறம் எடுங்கள், கறுப்பு சித்திரை வெயிலில் காலைச் சுடும். வெயில் தாங்கும் கலவை சேர்த்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். ஒகேனக்கல் பாணிப் பரிசலையும் இதே துறையில் ஏற்றுவதாக இருந்தால் அதற்கென ஒரு மூலையில் பழைய தார்ப்பாய் விரித்துவிடுங்கள். அடியில் பூசிய தார் வெயிலில் இளகி மேற்பரப்பில் ஒட்டினால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.